பட்டன் யாரிடம்?

என் மேசை இழுப்பறையில் ஒரு பட்டன் கிடக்கிறது. சட்டையில் தைக்கிற பட்டன் இல்லை. திருச்செங்கோட்டில் பட்டன் என்று சொன்னால் பாதிப் பேருக்கு முதலில் நினைவுக்கு வருவது, போர்வெல் போடும் ரிக் வண்டியில் துளையிடும் பிட்டின் முனையில் பதித்திருக்கும் உலோகக் குமிழ்தான். பூமிக்குள் இறங்கிப் பாறையைக் குத்திப் பொடியாக்குவது அதுதான். தேய்ந்துபோய்க் கழன்று விழுந்த ஒன்று இது. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும், கையில் எடுத்தால் அந்த அளவுக்குப் பொருந்தாத கனம் கனக்கும். இதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. ஒரு ரிக் கம்பெனி ஆபீசில், ஒரு பெண்ணின் மேசையிலிருந்து, நான்கு பேர் பார்க்க, நானே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது. மகள் சிறுமியாக இருந்தபோது இது என்னவென்று கேட்டாள். பேப்பர் வெயிட் என்று சொன்னேன். பொய் சொல்வதில் எனக்கு இருந்த சரளம் அப்படி.

அந்தப் பெண்ணை ஆபீசில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவரான ஸ்பேர்ஸ் பிரிவுக்காரர்கூட அக்கா என்றுதான் சொல்வார். கம்பெனிக்குப் பதினான்கு ரிக்குகள். அத்தனையும் வடக்கே சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வண்டிக்கு டிரில்லர், டிரைவர், ஹெல்பர்கள் என்று பத்துப் பேர் போனால், திரும்பி ஊர் வர எட்டு மாதமும் ஆகும், பத்து மாதமும் ஆகும். யார் எந்த வண்டியில் இருக்கிறார், யாருக்கு எப்போது லீவு முறை, அவருக்குப் பதிலாக இங்கிருந்து யார் ரயில் ஏற வேண்டும் என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. மாற்றாள் போய்ச் சேராமல் டிரில்லர் வண்டியை விட்டு இறங்க முடியாது. ஆகவே ஊரில் ஒரு காதுகுத்தா, கல்யாணமா, கருமாதியா, எதற்கு யார் வந்து சேர முடியும் என்பது அக்காவின் பதிவேட்டில்தான் இருந்தது. அந்தப் பதிவேட்டில் பேனாவை நூலால் கட்டி வைத்திருப்பார். பேனா கையில் இருப்பவர்தான் எழுதலாம், மற்றவர்கள் நிற்க வேண்டும். பழைய காலத்து வழக்கம் என்று நான் அதைப் பார்த்து மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொடுக்க வந்தவன் நான். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சொந்தமாக சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன் என்று விசிட்டிங் கார்டு அடித்திருந்தேன், அதில் என் பெயர் கம்பெனி பெயரைவிடப் பெரிதாக இருக்கும். ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர்கள். நான்கிலும் ஒரே தகவல் தெரிய வேண்டும். முறையாகச் செய்வதென்றால் டேட்டாபேசுக்கென்று தனியாக ஒரு சர்வர் வைத்து, எழுத வருகிறவர்களை அது வரிசையில் நிறுத்த வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. என் டேட்டாபேஸ் ஒற்றை ஃபைல். அதை நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவான ஒரு டிஸ்க் பெட்டியில் போட்டு, நான்கு கம்ப்யூட்டரிலிருந்தும் அந்த ஒரே ஃபைலைத் திறக்கும்படி செய்துவிட்டேன். இந்த டேட்டாபேசை நெட்வொர்க் டிஸ்கில் வைக்காதீர்கள் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருந்தது. ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு அங்கே ஒழுங்காக வேலை செய்யாது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் எழுதியது காணாமல் போகலாம் என்று காரணமும் சொல்லியிருந்தது. நான் அதைப் படிக்கவில்லை என்று இங்கே எழுதிவிட்டால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும். படித்தேன். ஆயுத பூஜைக்குள் முடித்துத் தருகிறேன் என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அதற்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நான்கே கம்ப்யூட்டர், இரண்டு பேர் ஒரே நொடியிலா எழுதப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மூடினேன். பூஜையன்று அந்தப் பெட்டிக்கும் சந்தனம் வைத்துப் பொட்டிட்டார்கள். குங்குமம் பட்டு அதன் பச்சை விளக்கு பாதி மறைந்துபோனது.

ஐப்பசி முடிவதற்குள் அக்கா போன் செய்தார். காலையில் ஏற்றியது மத்தியானம் இல்லை என்றார். சேவ் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கொடுத்தேன் என்றார். ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஒழுங்காகக் கொடுப்பது என்றால் என்ன என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை புகார் சொல்லவில்லை, கண்டுபிடித்ததைச் சொன்னார். ஒரு நோட்டில் எந்த நேரத்துக்கு எந்தப் பதிவு காணாமல் போனது என்று எழுதி வந்திருக்கிறார். அவரும் ஸ்பேர்ஸ் பிரிவுக்காரரும் சேர்ந்தாற்போல் சேவ் கொடுக்கும்போதுதான் போகிறது என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. கையேட்டில் நான் படித்து மூடிய பக்கத்தை, படிக்காமலே அவர் எழுதி வைத்திருந்தார். எனக்கு உச்சந்தலை சூடானது. அப்படியெல்லாம் நடக்க வாய்ப்பில்லை அக்கா, நெட்வொர்க் வயரை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. பிரச்சினை தானாகச் சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பதுதான் எனக்கு வசதியாக இருந்தது. உண்மையில் அதைச் சரி செய்தவர் அக்கா. ஆபீசில் யார் மேசையிலோ கிடந்த ஒரு தேய்ந்த பட்டனை எடுத்து, இது யார் மேசையில் இருக்கிறதோ அவர்தான் சேவ் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். நூல் கட்டிய பேனாவுக்குப் பதில் பட்டன். கொடுத்து முடித்ததும் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். “பட்டன் யாருகிட்டங்க?” என்று ஒரு குரல் கேட்கும், “இங்க இருக்குதுங்க, இந்தா வருது” என்று மேசை மேல் உருண்டு போகும். புதிதாக வந்தவர்கள் குனிந்து தங்கள் சட்டையைப் பார்ப்பார்கள், ஆபீசே சிரிக்கும். மூன்று மாதம் அந்த ஆபீசில் ஒரு பதிவும் காணாமல் போகவில்லை. நான் எழுதாமல் விட்ட பூட்டை அவர் ஒரு துண்டு உலோகத்தால் போட்டிருந்தார்.

இதை நான் பார்த்தது தை மாதத்தில். முதலாளி இன்னொரு ரிக் கம்பெனிக்காரரை என் சாஃப்ட்வேரைக் காட்டக் கூட்டி வந்திருந்தார், கூடவே நானும் போயிருந்தேன். அதே சமயத்தில் பட்டன் எங்கள் கண் முன்னால் ஸ்பேர்ஸ் மேசையிலிருந்து அக்கா மேசைக்கு உருண்டு வந்தது. வந்தவர் இது என்ன விளையாட்டு என்று கேட்டார். அக்கா மறைக்காமல் சொன்னார். “ரெண்டு பேரு ஒரே சமயத்துல அழுத்துனா ஒருத்தரது போயிருதுங்க. அதுக்குத்தான் இது.” முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு வந்தது வெட்கம்தான், ஆனால் அதைக் கோபமாக மாற்றிக்கொள்ள எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. இன்னும் நோட்டுக் காலத்திலேயே இருக்கிறீர்களே அக்கா, கம்ப்யூட்டருக்குப் போய் எலுமிச்சம்பழம் சுற்றுகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். வந்தவரும் சிரித்தார். நான் அந்தப் பட்டனை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இனி இது வேண்டாம், எல்லாரும் தாராளமாக ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்று அறிவித்தேன். அக்கா “சரிங்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

சத்தீஸ்கரில் ஒரு வண்டியில் ஓமலூர்ப் பக்கத்து டிரில்லர் ஒருவர் இருந்தார். உடன்பிறந்தது ஒரே ஒரு தங்கை, அயோத்தியாப்பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகளுக்கு மாசியில் கல்யாணம். தாய்மாமன் வந்து சீர் வைத்து, பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி மணவறைக்கு அனுப்ப வேண்டும். வேறு மாமன் கிடையாது. ஒரு மாதத்துக்கு முன்பே லீவு சொல்லிவிட்டார், அக்கா அதைப் பதிந்து மாற்றாளையும் குறித்தார். பதிந்த நேரத்தில் ஸ்பேர்ஸ் பிரிவிலிருந்தும் எதையோ சேவ் கொடுத்திருக்கிறார்கள். பட்டன்தான் என் வீட்டில் இருந்ததே. இதில் கொடுமை என்னவென்றால், அக்காவின் திரையில் அன்று முழுக்க அந்தப் பதிவு இருந்தது. மற்ற மூன்று கம்ப்யூட்டரிலும் இல்லை. பொது டிஸ்கில் வைத்த ஃபைல் அப்படியும் செய்யும், ஒருவருக்குப் பழைய நினைவைக் காட்டிக்கொண்டே இருக்கும். மாலையில் அவர் கம்ப்யூட்டரை அணைத்ததோடு அது போய்விட்டது. அக்கா பதிவதைத் தன் கம்ப்யூட்டரில் பார்த்து ஆட்களை ரயில் ஏற்றி அனுப்புகிறவரின் பட்டியலில் டிரில்லர் பெயர் வரவில்லை. அதற்குள் வண்டி போய் நின்றதோ காட்டுப்பக்கம், டவர் கிடைக்காத இடம். மாற்றாள் இன்று வருவார், நாளை வருவார் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் வண்டியை அப்படியே விட்டு ரயில் ஏறினார். அயோத்தியாப்பட்டணம் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். பங்காளி ஒருவர் மாமன் இடத்தில் நின்று பட்டம் கட்டியிருக்கிறார். லீவு கேட்டேன், தரவில்லை என்று இவர் சொன்னதைத் தங்கை நம்பவில்லை. சீர் செய்ய மனமில்லாமல் ஒளிந்துகொண்டான் என்று சபையிலேயே சொல்லிவிட்டாராம்.

டிரில்லர் நேராக ஆபீசுக்கு வந்தார். என்னையும் வரச் சொன்னார்கள். முன் அறையில் முதலாளி, ஆபீஸ் ஆட்கள், வாசலில் இரண்டு டிரைவர்கள், நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தார். அதே வாரத்து லீவுப் பட்டியலில் அக்காவின் தம்பி பெயர் இருந்தது, அவனும் ஒரு வண்டியில் ஹெல்பர். தம்பிக்காக டிரில்லர் பெயரை அக்காவே அழித்துவிட்டார் என்று கணக்குப் போட அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. “நான் ஏத்துனனுங்க. என் மிஷின்ல இருந்துச்சுங்க, கண்ணால பாத்தனுங்க” என்றார் அக்கா. முதலாளி என் பக்கம் திரும்பி, மிஷின் தானாக எதையாவது அழிக்குமா என்று கேட்டார். ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஃபைலை வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டேன், தப்பு என்னுடையது. அந்த வாக்கியம் என் தொண்டைவரை வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் வரவில்லை. இரண்டாவது கம்பெனிக்காரர் அந்த வாரம்தான் எனக்குச் சரி சொல்லியிருந்தார், அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. “மிஷின் தானா எதையும் அழிக்காதுங்க. யாராவது அழிச்சாத்தான் உண்டு” என்றேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது பொய்கூட இல்லை. அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பட்டனைப் பற்றி அவர் பேசுவார் என்று பயந்தேன், பேசவில்லை. டிரில்லர் அவரிடம், “உந்தம்பிக்கு ஊடு போவோணும்னா என் வயித்துலயா அடிப்ப?” என்று கேட்டார். 

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அடுத்த மாதமே நான் ஒரு சர்வர் வாங்க வைத்து டேட்டாபேசை அதற்கு மாற்றினேன். ஏன் என்று முதலாளி கேட்டதற்கு வேகம் கூடும் என்றேன். பதிவுகள் காணாமல் போவது அன்றோடு நின்றது. அக்கா போனபிறகு ஒரு தப்பும் நடக்கவில்லை பார்த்தீர்களா என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். தப்பைத் திருத்திய என் வேலையே அவர் மேல் சாட்சியாகிவிட்டது. முதலாளி என்னைப் பாராட்டி ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டோம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னிடம் நன்றாகவே வாழ்ந்தது. தொழில் பெருகியது, கார் வந்தது, இளைஞர்களுக்கு வகுப்பு எடுக்கக்கூடக் கூப்பிட்டார்கள். டேட்டாபேசை நெட்வொர்க் டிஸ்கில் வைக்காதீர்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். ஏன் என்று யாராவது கேட்டால் கையேட்டில் இருக்கிறது என்பேன்.

போன ஆடியில் மகளைத் திருச்செங்கோட்டுப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்தேன். ஹாஸ்டல் அலுவலகத்தில் ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். முடி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். முன்னால் ஒரே நோட்டு, அதில் நூல் கட்டிய பேனா. “நல்லா இருக்கீங்களா தம்பி? பாப்பா உங்களுதா?” என்று கேட்டு, கையெழுத்துப் போடப் பேனாவை என் பக்கம் நீட்டினார். நூல் எட்டவில்லை, நோட்டையும் சேர்த்துத் தள்ளி வைத்தார். போட்ட கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. மகள் வெளியே வந்ததும், அந்த அம்மா ரொம்ப நல்லவர் மாதிரி இருக்கிறார் அப்பா, உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டனை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம். பதினோரு வருடமாகச் சொல்லாததை நின்றபடியே சொன்னேன். கையேட்டில் படித்தது, ஆயுத பூஜைக்கு அவசரப்பட்டது, சர்வர் மாற்றியது எல்லாம். மன்னித்துவிடுங்கள் அக்கா என்று பட்டனை அவர் நோட்டின் மேல் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுக்கவில்லை. அழவோ திட்டவோ செய்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“எங்கிட்ட எதுக்குங்க தம்பி சொல்றீங்க? நான் பண்ணலைன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க” என்றார். பிறகு பட்டனை ஒரு விரலால் என் பக்கம் உருட்டிவிட்டார். “இது யாருகிட்ட இருக்குதோ அவங்கதான் எழுதோணும்.”

ஓமலூர்ப் பக்கம் டிரில்லரைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. ரிக் வேலையை விட்டுவிட்டு மரவள்ளி போட்டிருந்தார். வரப்பில் நின்றுகொண்டே சொன்னேன். கேட்டு முடித்ததும் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். “இன்னொருக்கா சொல்லுங்க சார்” என்றார் டிரில்லர். இன்னொரு முறை சொன்னேன். முதல்முறை சொன்னபோது நெட்வொர்க், டிஸ்க் என்று இழுத்தவன், இந்த முறை நேராக, என் தப்பு என்றுதான் தொடங்கினேன். அந்த அம்மா, அந்தப் பொம்பளையை எத்தனை மாரியம்மன் கோயிலில் மண்ணை வாரித் தூற்றினேன் என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார். டிரில்லர் மரவள்ளிக் காட்டைப் பார்த்தபடி, தங்கை இன்றுவரை பேசுவதில்லை, அவள் பேரக்குழந்தை முகத்தைப் பார்த்ததில்லை என்றார். உடனே போன் போட்டுக் கொடுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“போன்ல சொன்னா நான் ஆளு வெச்சுச் சொல்லச் சொன்னேன்னு சொல்லுவா. நேர்ல போய்ச் சொல்லுங்க. அப்படியே அந்த ஆபீசுலயும் சொல்லிருங்க.”

ஆபீசில் போன மாதம் சொல்லிவிட்டேன். முதலாளிக்கு வயதாகிவிட்டது, அவர் மகன்தான் இப்போது எல்லாம். பழைய கதைதானே, இப்போது எதற்கு என்று மகன் காபி சொன்னார். முதலாளி மட்டும் காபியைத் தொடாமல், அந்தப் பொண்ணு ஒன்பது வருஷம் வேலை செய்தது என்று இரண்டு தரம் சொன்னார். என்னை அவர் வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை. எப்போதும் வருவார்.

மீதி இருப்பது அயோத்தியாப்பட்டணம். போன செவ்வாய்க்கிழமை அதற்கென்று கிளம்பினேன். காரில் போய் இறங்கினால் பெரிய மனிதன் தயவு பண்ண வந்த மாதிரி இருக்கும் என்று பேருந்தில் போனேன். சேலம் வரை போய், ஆத்தூர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, டிக்கெட்டும் வாங்கிவிட்டு, வண்டி கிளம்புவதற்கு முன் இறங்கிவிட்டேன். டிரில்லரின் தங்கை கதவைத் திறந்தால் யார் என்று கேட்பாரே, அதற்கு முதலில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. ஆகாது என்று இந்தப் பக்கத்துக்கு வரும்போது தெரிகிறது, அவர் இதையெல்லாம் படிக்கிறவர் இல்லை.

நேற்று மகள் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். ஹாஸ்டல் அக்கா உங்களை விசாரித்தார் என்றாள். என்ன கேட்டார் என்றேன். பட்டன் இன்னும் உங்க அப்பாகிட்டத்தான் இருக்குதா என்று கேட்டாராம். எந்தப் பட்டன் அப்பா என்றாள் மகள். நான் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, இருக்கிறது என்று சொல்லிவிடு என்றேன்.